உடைக்க வந்த வேன், பூ வைக்கப் போன வேன்

பழைய வண்டி உடைக்கும் இந்த யார்டுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு வேலை சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். டீசலை எப்படி வடிப்பது, பேட்டரியை எங்கே வைப்பது, கட்டிங் டார்ச்சை எப்படிப் பிடிப்பது என்றெல்லாம் அவர்கள் சொல்வார்கள். நான் ஒரு மதியத்தை மட்டும் சொல்கிறேன்.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் இந்த யார்டு திறந்த நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை இங்கேதான் இருந்தேன். அதற்கு முன்னால் பட்டறைகளில் லாரி உடைத்தேன். அங்கே யாருடைய வண்டி, எந்த நம்பர் என்று கேட்க மாட்டார்கள். இரும்பு என்றால் இரும்பு. இங்கே அப்படி இல்லை. இங்கே நாம் ஒரு வண்டியை வெட்டினால் அரசாங்கக் கணக்கில் அந்த வண்டி செத்துப்போகும்.

பழைய வண்டியை ஒப்புதல் உள்ள யார்டில் ஒப்படைத்தால் ஒரு சான்று வரும். அதைக் காட்டினால் புது வண்டிக்குப் பதிவுக் கட்டணம் கிடையாது. சாலை வரியில் தள்ளுபடி. ஷோரூம்காரனும் விலையில் கொஞ்சம் இறங்கி வருவான். இந்தச் சலுகைக்காகத்தான் நம் கேட்டில் வண்டி நிற்கிறது. சான்று கொடுப்பதற்கு முன்னால், சேசிஸ் என்கிற அடிச்சட்டத்தில் நம்பர் குத்தியிருக்கும் துண்டை வெட்டி எடுத்துத் தனியாகப் பூட்டி வைக்க வேண்டும். அந்தத் துண்டை வெட்டுவது என் வேலை. வேறு யாரிடமும் நான் கொடுத்தது கிடையாது. பயம்தான் காரணம். வெட்டிய நம்பரைத் திரும்ப ஒட்ட முடியாது.

அன்று சனிக்கிழமை. வேல்முருகன் என்பவர் தன் வேனைக் கொண்டுவந்து விட்டிருந்தார். சோழபுரம், செட்டியார்பட்டிப் பக்கத்துப் பெண்களை மில்லுக்கு ஏற்றிப்போகும் வேன். பதினைந்து வருடத்துக்கு மேல் ஓடிய வண்டி. ஓடத் தகுதி உண்டு என்று கொடுக்கும் எஃப்.சி. முடிந்து போயிருந்தது. திங்கட்கிழமை புது வண்டியோடு வந்தால் ஓட்டம் உண்டு, இல்லையென்றால் வேறு ஆளுக்கு என்று மில்லில் சொல்லிவிட்டார்கள். சி.என்.ஜி.யில் ஓடும் புது வேன் ஷோரூமில் தயாராக நின்றது. நம் சான்று இல்லாமல் அந்த விலைக்கு அவரால் அதை எடுக்க முடியாது. சான்று அன்று மாலைக்குள் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் மில் ஓட்டம் போய்விடும். வேறு தொழில் அவருக்குத் தெரியாது. இது எனக்கும் தெரிந்திருந்தது. தெரியாமல் இருந்திருந்தால் கை கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பேப்பர் எல்லாம் சரி. போலீஸ் வழக்கு இல்லை, கடன் பாக்கி இல்லை. சேசிஸ் நம்பரைப் பேப்பரோடு காலையிலேயே ஒத்துப் பார்த்து டிக் அடித்துவிட்டார்கள். டீசல் வடித்தாகிவிட்டது. வெட்ட வேண்டியதுதான் பாக்கி.

வேல்முருகன் பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்தார். சூடத்தை எடுத்தார். வேனுக்கு முன்னால் தரையில் வைத்துத் தீப்பெட்டியை உரசப் போனார். பக்கத்தில் வடித்த டீசல் திறந்த தட்டில் கிடக்கிறது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“அண்ணாச்சி, சோறு போட்ட வண்டி. சும்மா அனுப்பக்கூடாதுல்லா.”

“கேட்டுக்கு வெளியே போய்க் கொளுத்துங்க.”

“அங்கேருந்து வண்டிக்கு எப்படித் தெரியும்?”

“உங்களுக்குத் தெரிஞ்சா போதும்.”

அவர் போனார். புரோக்கர் பாண்டி தலையில் அடித்துக்கொண்டான். அவன்தான் இந்த வண்டியைக் கொண்டுவந்தவன். நம் யார்டுக்கு வரும் வண்டிகளில் பாதி அவன் கொண்டுவருவதுதான்.

“யோவ் வேலு, சூடத்த வேகமா எரியச் சொல்லு. சாமி வேணும்னா அடுத்த வண்டியில வரட்டும்.”

இது எல்லா வண்டிக்கும் நடப்பதுதான். நீங்களும் பார்ப்பீர்கள். மாலை போடுவார்கள், பூசணிக்காய் கொண்டுவருவார்கள், ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டு நிற்பார்கள். அவர்களை அதட்டாதீர்கள். தீப்பெட்டியை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சூடம் எரிகிற நேரத்தில் எனக்குக் கை சும்மா இருந்தது. எமரித் தாளை எடுத்து நம்பரை இன்னொரு தடவை தேய்த்தேன். சாக்பீஸை மேலே இழுத்துத் துணியால் துடைத்தேன். அப்படிச் செய்தால் குத்திய எழுத்துக்குள் மட்டும் வெள்ளை தங்கும். ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தேன். எல்லாம் சரி. கடைசி எண்ணில் நின்றேன்.

பேப்பரில் ஐந்து. எனக்கு ஆறாகத் தெரிந்தது.

இன்னும் தேய்த்தேன். ஐந்தின் வாய் திறந்திருக்க வேண்டும். இதில் மூடியிருந்தது. மூடியது அச்சா துருவா என்று தெரியவில்லை. நகத்தை விட்டுப் பார்த்தேன். நகத்துக்கும் தெரியவில்லை.

பாண்டி குனிந்தான். “அஞ்சுதான் அண்ணாச்சி. துரு தின்னுருக்கு.”

“ஆறு மாதிரி இருக்கு.”

“உங்க கண்ணுக்கு இப்ப பஸ்ஸே ஆடு மாதிரித்தான் தெரியும். ரிட்டயர் ஆகப் போற நேரத்துல ஏன் வம்பு?”

கண் விஷயத்தில் அவன் சொன்னதில் பாதி உண்மை. ஒரு கண்ணில் புரை ஆரம்பித்திருந்தது. யார்டில் எல்லாருக்கும் தெரியும்.

நஸ்ரினைக் கூப்பிட்டேன். நஸ்ரின் அப்போது யார்டு இன்ஜினியர். ராஜபாளையத்துப் பெண். சான்றில் கையெழுத்து அவருடையது. செல்போன் வெளிச்சத்தை அடித்து வெகுநேரம் பார்த்தார். படம் எடுத்துப் பெரிதாக்கியும் பார்த்தார்.

“எனக்கு அஞ்சாத்தான் தெரியுது அண்ணாச்சி.”

“சரி.”

“உங்களுக்கு?”

“ஆறு.”

“நிச்சயமா?”

“தெரியலை.”

இந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு ரொம்பச் சிரமமாக இருந்தது. நஸ்ரின் பார்க்கும்போதே டீசல் தட்டை அகற்றிவிட்டு டார்ச்சை ஏற்றியிருந்தேன், அது கையில் எரிந்துகொண்டிருந்தது. வேல்முருகன் சூடத்தை முடித்துவிட்டு வந்து எதிரே நிற்கிறார். நெற்றியில் புதிதாக விபூதி. ஆறு என்று சொல்லி அது ஐந்தாக இருந்தால் ஒரு ஆளின் பிழைப்பை நான் வீணாகக் கெடுத்தவன். ஐந்து என்று சொல்லி அது ஆறாக இருந்தால், யார்டில் இல்லாத வண்டிக்குச் சான்று கொடுத்து, இருக்கிற ஏதோ ஒரு வண்டியைக் கொன்றவன். எது என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

டார்ச்சை அணைத்தேன்.

“அய்யய்யோ,” என்றான் பாண்டி. “மேடம், நீங்க அஞ்சுன்னு சொல்லியாச்சு. நீங்க இன்ஜினியரா, இவரு இன்ஜினியரா?”

நஸ்ரின் அவனைப் பார்க்கவில்லை. “வெட்டப் போறது அவர் கை. செத்த நேரம் பொறுங்க,” என்றார். எனக்கு இன்றைக்கும் அந்தப் பெண்மேல் மரியாதை உண்டு. தன் கண்ணை நம்பி அவர் உத்தரவு போட்டிருக்கலாம். போட்டிருந்தால் நானும் வெட்டியிருப்பேன்.

வேல்முருகனுக்குப் பொறுக்கவில்லை. “அஞ்சோ ஆறோ, என்ன அண்ணாச்சி? ரெண்டும் எங்க அப்பா வாங்குன வண்டிதானே!”

எல்லாரும் அவரைப் பார்த்தோம்.

“எது ரெண்டும்?” என்று நஸ்ரின் கேட்டார்.

அவர் சொன்னது இதுதான். அப்பா ஒரே நாளில் ஒரே மாதிரி இரண்டு வேன் வாங்கினார். வேல்முருகனுக்கு ஒன்று, தம்பி கணேசனுக்கு ஒன்று. இரண்டும் வெள்ளை. அடுத்தடுத்த சேசிஸ் நம்பர். வேல்முருகன் வண்டியின் பிளேட்டில் இருந்த பதிவு நம்பரைக் கூட்டினால் எட்டு. எடுத்த முதல் வாரமே கூமாப்பட்டி ரோட்டில் தென்னை மரத்தில் இடித்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஜோசியர், பையனுக்கு எட்டு ஆகாது என்று சொல்லிவிட்டார். அப்பா வீட்டுக்கு வந்தார், ஸ்பானரை எடுத்தார், இரண்டு வண்டியின் நம்பர் பிளேட்டுகளையும் கழற்றி மாற்றி மாட்டிவிட்டார்.

“தம்பிக்கு எட்டு ஆகுமாக்கும்?” என்றான் பாண்டி.

“அவன் இதெல்லாம் நம்ப மாட்டான். எட்டும் ஒன்னுதான் எழுவதும் ஒன்னுதான்னு சொல்லிட்டான்.”

பேப்பர் எல்லாம் அப்பா பேரில் இருந்தது. அவர் போன பிறகு, யார் எந்த நம்பரை ஓட்டினார்களோ அந்த நம்பர் அவர் பேருக்கு மாறியது. எஃப்.சி.க்கு முன்பெல்லாம் இரண்டு வேனும் சேர்ந்தே போகும். சேசிஸ் நம்பர்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த இரண்டு பிரிண்டும் ஒன்றாகவே போகும், கடைசி எண் ஒன்றுதான் வேறு. யாருக்கும் வித்தியாசம் தெரிந்ததில்லை.

“இத முதல்லயே சொல்றதுக்கு என்ன?”

“மறந்தே போச்சு மேடம். போர்டு மாத்துனதெல்லாம் ஒரு விசயமா? அப்பா பொறவு திரும்ப மாட்டிட்டாரோ என்னவோ. சத்தியமாத் தெரியாது.”

பொய் சொல்கிற முகமாக இல்லை. தம்பி வண்டியின் இரும்பைப் பார்த்தால்தான் தெரியும். பார்ப்பதில் ஒரு சிக்கல் இருந்தது. அண்ணன் தம்பிக்குள் பேச்சு இல்லை. முன்பு இரண்டு வண்டியும் மில்லுக்கு ஓடின. புது ஒப்பந்தம் வந்தபோது வேல்முருகன் தன் பேரை மட்டும் கொடுத்துவிட்டார். கணேசன் கல்யாணம், காதுகுத்து என்று கிடைத்த ஓட்டத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்.

“போன் பண்ணுங்க,” என்றார் நஸ்ரின்.

“நான் பண்ணுனா எடுக்க மாட்டான்.”

நஸ்ரினே பண்ணினார். யார்டிலிருந்து பேசுவதையும் அண்ணன் வண்டி வந்திருப்பதையும் சொல்லிவிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

“ட்ரிப்ல இருக்கேன். ஸ்ரீவில்லிபுத்தூர்லேருந்து ராஜபாளையத்துக்குப் பூ வைக்கப் போறாங்க. வண்டி நிறையப் பொம்பளையாளுக.”

“எங்க கேட் வழியாத்தான வருவீங்க? ஒரு நிமிசம் நிப்பாட்டுங்க. நம்பரைப் பாத்துட்டு விட்டுர்றோம்.”

“அவரு வண்டிய உடைக்கதுக்கு நான் எதுக்கு நிக்கணும்?”

“உங்க வண்டி இன்சூரன்ஸ் செல்லுமான்னு எனக்குச் சந்தேகமா இருக்கு.”

லைன் போய்விட்டது.

காத்திருந்தோம். அந்த நேரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பாண்டி போனில் ஷோரூம்காரனிடம் இந்தா ஆச்சு, இந்தா ஆச்சு என்று சொல்லிக்கொண்டிருந்தான். வேல்முருகன் வேனின் படியில் உட்கார்ந்து எலுமிச்சம்பழத்தை உருட்டிக்கொண்டிருந்தார். ரோட்டில் போகிற ஒவ்வொரு வெள்ளை வண்டிக்கும் நான் எழுந்தேன். நிற்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. வெட்ட மாட்டேன் என்பது மட்டும் தெரிந்தது. அதனால் அந்த மனிதர் கெட்டுப்போவார் என்பதும் தெரிந்தது.

ஹாரன் கேட்டது. கேட்டுக்கு வெளியே வேன் நின்றது. கண்ணாடி முழுக்கப் பூச்சரம்.

உள்ளேயிருந்து ஒரு அம்மாள் குரல். மாப்பிள்ளையின் அத்தை என்று பிறகு தெரிந்தது.

“ஏலே கணேசா, எங்கலே நிப்பாட்டுற? இது வண்டி உடைக்கிற இடம்லா! நல்ல காரியத்துக்குப் போறப்ப எழவு வீட்டு வாசல்ல கொண்டாந்து நிறுத்திருக்க?”

“செத்த நேரம்க்கா.”

“உள்ள மட்டும் கொண்டுபோன, இந்தத் தாம்பாளத்தாலயே உன் மண்டைய உடைப்பேன்.”

நான் வெளியே போனேன். “உள்ளே வர வேண்டாம். ரோட்டிலேயே பார்க்கிறேன்,” என்றேன். கணேசன் என்னைப் பார்த்தார். கேட்டுக்குள் நின்ற அண்ணனைப் பார்க்கவில்லை.

சாக்கை விரித்து முன்சக்கரத்துப் பக்கம் அடியில் படுத்தேன். மேலே ஆட்கள் அசைந்தால் வண்டி அசைந்தது. வளையல் சத்தம் கேட்டது. மல்லிகை வாசமும் டீசல் வாசமும் ஒன்றாக வந்தது. எண்ணெய்க் கசிவில் ஊறியதால் இந்த சேசிஸில் துருவே இல்லை. தேய்த்தேன். சாக்பீஸை இழுத்தேன். துடைத்தேன்.

ஐந்து. வாய் திறந்த, சந்தேகமே இல்லாத ஐந்து.

நஸ்ரின் ரோட்டில் முட்டி போட்டுக் குனிந்து பார்த்தார். “அஞ்சு,” என்றார். அவர் குரல் இறங்கிவிட்டது.

நான் சொன்னது சரியாகப் போயிற்று என்று எனக்குச் சந்தோஷம் வரவில்லை. படுத்த இடத்திலேயே கிடந்தேன். காலையில் போட்ட டிக்கை நம்பி நான் வெட்டியிருந்தால், என் தலைக்கு மேலே நிற்கிற இந்த வண்டி அரசாங்கக் கணக்கில் செத்திருக்கும். யாருக்கும் தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கும். ஒருநாள் எங்காவது மோதும். அப்போது சேசிஸைத் தேய்த்துப் பார்ப்பார்கள். இப்படி ஒரு வண்டியே கிடையாது, உடைத்தாகிவிட்டது என்று இன்சூரன்ஸ்காரன் கையை விரிப்பான். உள்ளே இருந்தவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது. மேலே யாரோ சிரித்தார்கள். எனக்கு எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

நஸ்ரின் கணேசனிடம் விளக்கமாகச் சொன்னார். “உள்ள நிக்கிற பழைய வண்டி உங்க பேப்பருக்கு உள்ள வண்டி. நீங்க ஓட்டுறது உங்க அண்ணன் பேப்பருக்கு உள்ளது. அந்தப் பேப்பருக்கு எஃப்.சி. இல்லை. இப்பவே இந்த வண்டிக்கு எதுவும் செல்லாது.”

“இத்தனை வருசம் ஓடுச்சே?”

“ஓடுச்சு. நீங்க இப்பவும் எடுத்துட்டுப் போகலாம். என்னால தடுக்க முடியாது. ஆனா இனிமே தெரிஞ்சு ஓட்டுறீங்க.”

கணேசன் தலையைத் திருப்பி வண்டிக்குள் பார்த்தார். அத்தைக்கு எல்லாம் காதில் விழுந்துவிட்டது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

“போர்டு மாத்துன வண்டியா இது? எந்த நம்பரு இப்ப இதுல இருக்கு?”

“எட்டு வரும்க்கா,” என்றார் கணேசன்.

“அடப்பாவி! எட்டாம் நம்பர் வண்டியிலயாலே பொண்ணுக்குப் பூ வைக்கக் கூட்டிட்டுப் போற? இறங்குங்கட்டி எல்லாரும்! தட்ட ஒழுங்காப் பிடிங்க. வாழைப்பழத்த நசுக்காத.”

இன்சூரன்ஸ் புரிந்து இறங்கினார்களா, எட்டுக்குப் பயந்து இறங்கினார்களா என்று நான் கேட்கவில்லை. இறங்கினார்கள்.

பட்டுச்சேலைக் கூட்டம் நம் கேட் முன்னால் வெயிலில் தாம்பாளங்களோடு நிற்கிறது. அப்போது வேல்முருகன் வெளியே வந்தார். நேராக ரோட்டில் இறங்கி ஷேர் ஆட்டோக்களை மறித்தார். தட்டுகளை ஒவ்வொன்றாக வாங்கி ஏற்றிவிட்டார். கணேசன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இனி என்ன செய்வது என்று நஸ்ரின் யோசித்து ஒரு வழி சொன்னார். உள்ளே இருக்கும் பழைய வண்டிக்குச் சொந்தப் பேப்பர் கணேசனுடையது. அந்தப் பேப்பர் அவர் ஓட்டிவந்த வண்டியிலேயே இருக்கிறது. அவர் கையெழுத்துப் போட்டால் இரும்பும் பேப்பரும் ஒத்துப்போகும், அன்றைக்கே வெட்டலாம். சான்று கணேசன் பேரில் வரும். சான்றைப் பேர் மாற்றிக் கொடுக்கலாம், சட்டத்தில் இடம் இருக்கிறது. அண்ணனுக்குக் கொடுத்தால் அவர் புது வண்டி எடுக்கலாம்.

கணேசன் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு நஸ்ரினிடம் சொன்னார். “அப்ப என் பேப்பரைச் சாகடிச்சு அவருக்குப் புது வண்டி. எனக்கு? வெளிய நிக்கிற வண்டி அவர் பேர்ல இருக்கு. எஃப்.சி.யும் கிடையாது. முகூர்த்த மாசம். நான் வண்டிய நிப்பாட்டிட்டு என்ன திங்க?”

“அந்தப் பேப்பரை உங்க பேருக்கு மாத்தி எஃப்.சி. எடுத்துட்டா ஓட்டலாம்.”

“அவரு மாத்தித் தருவாராக்கும். மில்லு ஓட்டத்தையே அமுக்குன ஆளு.”

வேல்முருகன் பத்தடி தள்ளி நின்றார். அவரும் நஸ்ரினிடம் சொன்னார். “மேடம், மாத்தித் தாரேன்னு அவன்ட்ட சொல்லுங்க.”

“எப்பன்னு கேளுங்க மேடம்.”

“புது வண்டி வந்த பொறவுன்னு சொல்லுங்க.”

ஆட்டோவில் ஒரு கால் வைத்திருந்த அத்தை திரும்பினார். “ஏம்ப்பா, எதுக்கதான நிக்கான்? நேராப் பேசுனா அதுக்கும் வரி போடுதாங்களா?”

கூட்டம் சிரித்தது. அண்ணனும் தம்பியும் சிரிக்கவில்லை. ஆட்டோக்கள் போயின. நாங்கள் மட்டும் நின்றோம்.

பாண்டி அவசரப்பட்டான். “பேரு மாத்துறதெல்லாம் திங்கக்கிழமை பாத்துக்கலாம். தம்பி, நீ முதல்ல கையெழுத்தப் போடு. அண்ணாச்சி, நீங்க சிலிண்டரத் திறங்க. நேரம் போகுது.”

நேரம் போய்க்கொண்டுதான் இருந்தது. அவன் சொன்ன வரிசையில் செய்தால் வேலை முடிந்துவிடும். நமக்கும் சட்டப்படி தப்பு இல்லை. இரும்பும் பேப்பரும் ஒத்துப்போகிறது, சொந்தக்காரர் கையெழுத்து இருக்கிறது. அதற்கு மேல் கேட்பது யார்டு வேலை இல்லை. ஆனால் வெட்டிய பிறகு கணேசன் கையில் ஒன்றும் இருக்காது. அண்ணன் மனம் மாறினால் அவர் எங்கே போவார்?

நான் மரப்பெட்டிமேல் உட்கார்ந்தேன்.

“அண்ணன் முதல்ல பேர் மாத்துற பேப்பர்ல கையெழுத்துப் போடட்டும். பிறகு தம்பி போடட்டும். பிறகு வெட்டுறேன்.”

“அண்ணாச்சி, இது உங்க வேலையா?” என்றான் பாண்டி.

“வெட்டுறது என் வேலை.”

வேல்முருகன் என்னைப் பார்த்தார். கோபம்தான். மாலை நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் போட மாட்டேன் என்று போயிருந்தால் மில் ஓட்டம் போயிருக்கும், அதற்குக் காரணம் நானாக இருந்திருப்பேன். கையுறையை மாட்டிக்கொண்டேன்.

நஸ்ரின் உள்ளே போய்ப் பேர் மாற்றும் படிவத்தைக் கொண்டுவந்தார். வேனின் பானெட்டில் வைத்தார். பேனாவை அதன்மேல் வைத்தார்.

கணேசன் முதல் முறையாக அண்ணனை நேராகப் பார்த்துப் பேசினார். “பேப்பர் வந்து எஃப்.சி. எடுக்கிற வரைக்கும் என் வண்டி நிக்கும். அதுவரைக்கும் மில்லுல ஒரு ஷிப்ட் நான் ஓட்டுவேன். உன் புது வண்டியத்தான் ஓட்டுவேன்.”

எலுமிச்சம்பழம் இன்னும் வேல்முருகன் கையில்தான் இருந்தது. அதைச் சட்டைப் பையில் போட்டார். பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போட்டார்.

“ராத்திரி ஷிப்ட நீ எடுத்துக்கோ,” என்றார். “எனக்கு ராத்திரி கண்ணு கூசுது.”

கணேசன் போட்டார்.

பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்க வேண்டியிருந்தது. வழக்கு இருக்கிறதா, கடன் இருக்கிறதா என்று கம்ப்யூட்டரில் கணேசன் பேப்பருக்குத் தேட வேண்டும். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு தடவை நின்றே போனது. பாண்டி கூடப் பேச்சை நிறுத்திவிட்டான். வெளியே கணேசன் தன் வேனிலிருந்து பிளேட்டைக் கழற்றினார். ஸ்க்ரூ துருப்பிடித்து வரவில்லை. வேல்முருகன் போய் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார்.

நஸ்ரின் கதவில் வந்து தலையசைத்தார்.

நான் வெட்டும் முன் அண்ணன் தம்பி இருவரையும் கூப்பிட்டேன். கடைசி எண்ணைக் காட்டினேன்.

“என்ன நம்பர்?”

“ஆறு,” என்றார் கணேசன்.

வேல்முருகன் கொஞ்ச நேரம் பார்த்தார். “ஆறு.”

வெட்டினேன். துண்டு சிவப்பாகத் தரையில் விழுந்தது. ஆறும்வரை யாரும் அசையவில்லை. ஷோரூம் சாத்துவதற்குள் சான்று போய்ச் சேர்ந்தது.

நீங்கள் அவசரத்தில் வேலை செய்வீர்கள். வண்டிக்காரர் அழுவார், புரோக்கர் கத்துவார், சலுகைக்குக் கெடு இருக்கும். படித்தவர்கள் ஒன்று சொல்வார்கள், உங்கள் கண் வேறு சொல்லும். உங்கள் கண்தான் சரி என்று நான் சொல்லவில்லை. என் கண்ணே அரைக் கண். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு டார்ச்சை அணையுங்கள். எரிகிற டார்ச்சைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்க முடியாது. நான் முயன்று பார்த்திருக்கிறேன்.

ஓய்வு பெறுவதற்கு முந்தின வாரம் கேட்டில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு புது வேன் வந்து நின்றது. சத்தமும் இல்லை, புகையும் இல்லை. வேல்முருகன் ஓட்டிக்கொண்டிருந்தார். உள்ளே மில்லுப் பெண்கள். பழக்கத்தில் என் கண் நம்பர் பிளேட்டுக்குப் போனது. கூட்டிப் பார்த்தேன். எட்டு.

“வேலு, நம்பரைப் பார்த்தீங்களா?”

“பாத்தேன் அண்ணாச்சி. தம்பியும் சொன்னான்.”

“வேற நம்பர் கேட்டிருக்கலாமே?”

“மாத்துனது போதும்,” என்று சொல்லிவிட்டு கியரைப் போட்டார்.